ஒன்பதாவது வீட்டுச் சித்தி

போன சனிக்கிழமை நம் கூட்டத்தில், "உங்களுக்கு இது எப்போது தொடங்கியது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது "ஊரடங்குக்குப் பிறகு" என்றேன். அது பொய். எனக்கு முன்னால் பேசிய ரயில்வேக்காரர் இரண்டே நிமிடத்தில் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். என் கதை அப்படி முடியாது. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. ஆகவே வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வாரம் வந்து உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். செருப்பு போட்டேன். ஆட்டோ வந்தது. ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்தார். கதவின் நாதாங்கியைப் பிடித்தபடி நின்றவள், கடைசியில் மகளிடம் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு அறுபத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள், ஒரு ஆட்டோவுக்குள் ஏற முடியாமல் நிற்கிறேன். அந்த எரிச்சலோடுதான் இதை எழுதி அனுப்புகிறேன். யார் வாசிக்கிறீர்களோ, நிறுத்தி வாசியுங்கள். என் கையெழுத்து கோபத்தில் சாயும்.

எனக்கு இது தொடங்கியபோது வயது பத்து.

ஆவணி மாதம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உப்பளம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். எங்கள் ஊரில் உப்பளத்தைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆனால் பார்ப்பது வேறு, நட்டநடுவில் நிற்பது வேறு. டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராக வரப்பில் நடத்திக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பக்கமும் பாத்திகள். உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராக இருந்தது. பதினோரு மணி வெயில். தரை வெள்ளை, தண்ணீர் வெள்ளை, மேலே வானமும் வெள்ளை. திரும்பிப் பார்த்தால் ரோடு தெரியவில்லை. ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. தூரத்தில் தலையில் கூடையோடு போகும் பெண்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள்.

முதலில் நெஞ்சு அடித்தது. ஓடி வந்தால் அடிக்குமே, அப்படி. ஆனால் நான் ஓடவில்லை. பிறகு காது அடைத்தது. டீச்சரின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. விரல்கள் விறைத்தன. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து, பாவாடையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டேன்.

"எந்தி! நடிக்கியா?" என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். உப்பள வேலைக்கு வந்த ஒரு அம்மாதான் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்து ரோடு வரை கொண்டுவந்து விட்டாள். அவள் இடுப்பில் இருந்தபோதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய சட்டை உப்பில் விறைத்துப்போய் என் கன்னத்தைக் கீறியது இன்றும் தெரிகிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வழியில் ஒரு பெரிய மைதானம் உண்டு. அதன் ஓரத்துக்கு வந்ததும் உப்பளத்தில் வந்தது அப்படியே வந்தது. வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அடுத்த நாள் தெருமுனையிலேயே வந்தது. அதற்கடுத்த நாள் வாசற்படியில்.

இனி பெரியவர்கள் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்குப் புதிதாக இருக்காது. அப்பா முதலில் அடித்தார். பிறகு அடித்ததற்கு வருந்தி அல்வா வாங்கி வந்தார். அம்மா, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று கோவிலில் திருநீறு போட்டுக் கூட்டிவந்தாள். அது சரிப்படாமல், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு சொம்பில் வாங்கி வந்து மூன்று வேளை குடிக்கக் கொடுத்தாள். டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து எழுதினார். கம்பவுண்டர் வாரம் ஒரு ஊசி போட்டார், சத்துக்கு. இத்தனை பேரில் ஒருவர்கூட, "உனக்கு என்ன செய்யுது?" என்று என்னிடம் கேட்கவில்லை. "என்ன செஞ்சா இவ போவா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அப்பாவுக்குத் துறைமுகத்துப் பக்கம் பலசரக்குக் கடை. தோணிகளுக்கு அரிசி, வெங்காயம், எண்ணெய், கயிறு என்று பயணத்துக்கு வேண்டிய எல்லாம் எங்கள் கடையில்தான் ஏற்றுவார்கள். காற்றுக் காலத்தில் தோணிகள் கரையில் கிடக்கும். காற்று அடங்கிப் புரட்டாசி பிறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அந்த மாதங்களில் கடைக்கு ஆள் போதாது. அம்மாவும் போய் நின்றாக வேண்டும். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை யாரிடம் விடுவது?

"கிளார்க் வீட்ல விட்டுருவோம்" என்றாள் அம்மா. "அவதான் எங்கயும் போகமாட்டா. இவளும் போகமாட்டா. ஒண்ணுக்கொண்ணு காவலாக் கிடக்கட்டும்."

துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். எங்கள் வீடு முதல் வீடு, அவருடையது ஒன்பதாவது. அவரைச் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வயது இருபத்தைந்துகூட இருக்காது. தெருவில் அவளுக்கு வேறு பெயர்: மகாராணி. கல்யாணத்துக்கு வரமாட்டாள், சாவுக்கு வரமாட்டாள், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும் வரமாட்டாள். புருஷன்தான் வேலைக்குப் போகும் முன் குடத்தோடு வரிசையில் நிற்பார். பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் போட்டிருந்த சட்டைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தவள் சித்திதான். துணியை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள், ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்வார்கள், குழாயடிக்குப் போய் மகாராணி என்பார்கள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மறு கையால் வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே நடந்தேன். ஐந்தாவது வீட்டுக்கும் ஆறாவது வீட்டுக்கும் நடுவே ஒரு காலிமனை. அங்கே சுவர் கிடையாது. கடல் பக்கத்துக் காற்று தடையில்லாமல் வந்து மேலே விழும். அந்த இருபது எட்டு நடைக்கும் அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். "மானத்த வாங்காத" என்பாள்.

முதல் இரண்டு நாள் நானும் சித்தியும் பேசவே இல்லை. அவள் ஒரு மூலையில் தைப்பாள். நான் கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பேன். அது இரும்புக் கட்டில். அதன் அடியில் துரு வாசனையும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனையும் கலந்து அடிக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. மேலே கம்பி, மூன்று பக்கம் சுவர்.

மூன்றாவது நாள் மில் சங்கு ஊதி நெடுநேரம் ஆகியும் சித்தப்பா சாப்பாட்டுக்கு வரவில்லை. சித்தி எழுந்து ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். அவள் விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து என்னைப் பார்த்தாள்.

"ஏளா, உனக்கு நெஞ்சு முதல்ல அடிக்குமா, கால் முதல்ல துவளுமா?"

எனக்குத் திக்கென்று இருந்தது.

"எனக்குக் கால்தான் முதல்ல" என்றாள்.

"எனக்கு நெஞ்சு" என்றேன். "பொறவு காது அடைக்கும்."

"கை?"

"விறைச்சிரும்."

"செத்துருவோம்னு தோணுமா?"

"ஆமா."

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நாசமாப் போக, எனக்கு மட்டும்தான்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

சொல்லுங்கள், இதைத்தானே நாம் சனிக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து செய்கிறோம்? என் மகள் இணையத்தில் தேடி, யார் யாரையோ கேட்டு, உங்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்போது அது ஒன்பதாவது வீட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் கட்டிலுக்கு மேலே உட்கார ஆரம்பித்தேன். சித்தி கொக்கி தைப்பாள், நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். அவளுக்கு எப்படி வந்தது என்று சொன்னாள். கல்யாணமான மறு வருஷம் ஊருக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, தூத்துக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் வரும் புதுக்கோட்டை தாண்டி, கூட்டத்துக்கு நடுவே "ரத்தமாப் போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அப்போது விளங்கவில்லை. காயம்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள், பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, திடீரென்று விளங்கி அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். அந்தத் தெருவிலிருந்த அத்தனை பெண்களுக்கும் அவளுக்குப் பிள்ளை தங்காமல் போனது தெரியும். மகாராணி வெளியே வராததும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வெளியே போய்ப் பார்க்கலாம் என்று முதலில் சொன்னது சித்தியா நானா என்று நினைவில்லை. நானாக இருக்கலாம். அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு அரைப் பரீட்சை வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரு தூங்கும். கருவாடு காயும் வாசனை மட்டும் அலையும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து படியில் நின்றோம். முதல் நாள் அவ்வளவுதான். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுச் சுவர் வரை. பிரச்சினை வானம்தான் என்று நான் சொன்னேன். அது ரொம்பப் பெரிதாக இருக்கிறது. சித்தி உள்ளே போய் சித்தப்பாவின் குடையை எடுத்து வந்தாள். துறைமுகத்து ஆட்கள் வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடை, மூங்கில் பிடி. அதை விரித்ததும் வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வீடு மாதிரி இருந்தது.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். "ஒண்ணுமில்ல" என்று யாரும் சொல்லக்கூடாது. அதைத்தான் எல்லாரும் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடக்கும்போது எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"வருதா, ஏளா?"

"வருது சித்தி."

"எனக்கும் வருது. ஓடுவமா, நிப்பமா?"

"நிப்போம்."

நிற்போம். குடைக்கடியில், ஒருவர் கையை ஒருவர் நசுக்கிக்கொண்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற நிற்போம். அது ஏறும், ஏறும், அதற்குமேல் ஏற முடியாமல் இறங்கும். இறங்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். போன மாதம் நம் கூட்டத்துக்கு வந்த மனநல டாக்டர் போர்டில் ஒரு மலை வரைந்து இதையே விளக்கியபோது எனக்கு எழுந்து போய் அந்த போர்டைத் தட்டிவிடலாம் போல் இருந்தது. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

காலிமனைக்கு முன்னால் மட்டும் எட்டு நாள் திரும்பி வந்தோம். அங்கே குடை நிற்காது, காற்று பிடுங்கும். ஐப்பசியில் காற்று நன்றாகக் குறைந்த ஒரு மத்தியானம், குடையை முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இருபது எட்டும் போய்விட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீடு வரை சுவர்தான். எங்கள் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டை நான் தொட்டேன். சித்தியும் தொட்டாள். எதிரே பெட்டிக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, அங்கன மழையா?" என்றார். சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நடுத்தெருவில், குடைக்கடியில், நான்கு வருஷமாக வெளியே வராத பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அழகாக இருந்த நாள் அது.

அதற்குப் பிறகு தினமும் போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வந்தோம். அடுத்தது மைதானம் என்று பேசிக்கொண்டோம். "மைதானம் தாண்டி உன்னயப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நான் எப்படித் தனியாத் திரும்பி வருவேன்? அதுக்கொரு வழி சொல்லு" என்பாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்கு வழி யோசித்தோம்.

அதற்குள் தெரு பார்த்துவிட்டது. குழாயடியில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்: மகாராணி உன் மகளைக் கூட்டிக்கொண்டு மழை இல்லாத நாளில் குடை பிடித்து ஊர்வலம் போகிறாள் என்று. துறைமுகத்தில் சித்தப்பாவிடமும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர். அவரும் சராசரி நல்ல மனிதர் செய்வதைத்தான் செய்தார். மறுநாளிலிருந்து குடையை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ரெண்டு பைத்தியமும் கைகோத்துக்கிட்டுத் தெருவுல நின்னா, நாளைக்கு உன்னய எவன் கட்டுவான்?" என்று கேட்டாள். அப்பா, "அவ சீக்கு இவளுக்கும் ஒட்டுது. இனி அங்கன விடாத" என்றார்.

நான் கத்தினேன். "சித்தி கூடத்தான் நான் வெளிய போனேன்! வீடு வரைக்கும் வந்தேன்! பூட்டத் தொட்டேன்!" என்றேன். அவர்களுக்கு அது பைத்தியத்தின் இன்னொரு அடையாளமாகத்தான் கேட்டது. பள்ளிக்கூடம் போக மாட்டாளாம், பூட்டைத் தொடுவாளாம்.

மறுநாள் காலை அப்பா என்னை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, தோள் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மைதானத்தின் நடுவே போகும்போது அவர் முதுகில் வாந்தி எடுத்தேன். அவர் நிற்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அதையும் வீட்டில் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் இப்படி நடந்தது. இரண்டாவது வாரம் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். "பாத்தியா? நாலு நாள் இழுத்துட்டுப் போனா சரியாப் போச்சு" என்று அப்பா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

சரியாகவில்லை. மறைக்கப் பழகிவிட்டேன். அன்று பழகியதை அடுத்த நாற்பத்தேழு வருஷம் செய்தேன். பஸ்ஸில் கதவோரம் உட்காருவேன், கல்யாண வீட்டில் சுவரோரம் நிற்பேன், கடற்கரைக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். என் கணவருக்குத் தெரியாது. அவர் போகும்வரை தெரியாது. ஊரடங்கு வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. கதவுகள் திறந்தன, என்னால் வெளியே வர முடியவில்லை. அதுதான் உங்களிடம் நான் சொன்ன பொய்யில் இருந்த பாதி உண்மை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

கார்த்திகை மாதம். அன்று காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் உள்ளறையில் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. அம்மாவும் எனக்காகக் கடைக்குப் போகாமல் இருந்துவிட்டாள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வாசலில் ஒரு குரல்.

"அக்கா, பிள்ள இருக்காளா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவிடுக்கில் பார்த்தால் சித்தி. தலைக்கு மேலே ஒரு சுளகைப் பிடித்திருந்தாள். குடை இல்லையே, அரிசி புடைக்கும் சுளகைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "பள்ளிக்கூடம் போயிட்டா" என்றாள்.

"ஓ, போயிட்டாளா? நல்லது, நல்லது" என்றாள் சித்தி. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் தண்ணி தாறியளா?"

அம்மா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி ஒரு கையால் சுளகைப் பிடித்துக்கொண்டே குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் தனியாத்தான் வந்தேன்னு அவகிட்ட சொல்லிருங்க" என்றாள்.

நான் போயிருக்கலாம். மூன்று எட்டு வைத்தால் போதும். கதவுகூடத் தாழிடவில்லை. ஏன் போகவில்லை என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தடவை அவளோடு பார்த்தால் விடுதியில் கொண்டுபோய் விடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் மறுபடி என்னோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். நான் அவர்களில் ஒருத்தியாகிக்கொண்டிருந்தேன். சுளகைத் தலையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வயதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அவள் திரும்பினாள். கதவிடுக்கிலிருந்து ஜன்னல் வழியாக எனக்குத் தெரு தெரிந்தது. வந்தவளால் திரும்பிப் போக முடியவில்லை. காலிமனைக்கு முன்னால் வந்ததும் கால் போய்விட்டது. சுளகைத் தலையில் கவிழ்த்தபடி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். தெரு கூடிவிட்டது. ஒருத்தி வேப்பிலை கொண்டு ஓடினாள். ஒருத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். யாரும் பக்கத்தில் சும்மா நிற்கவில்லை. சும்மா நின்றிருந்தால் போதும், அது தானாக இறங்கியிருக்கும். அதைத் தெரிந்த ஒரே ஆள் முதல் வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தாள். துறைமுகத்துக்கு ஆள் போய், சித்தப்பா சைக்கிளில் வந்து, மூட்டையைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த வாரமே ஊரிலிருந்து சித்தியின் அண்ணன் வாடகைக் கார் கொண்டுவந்தார். அவள் ரோட்டைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க, முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். அந்தக் கார் தெருவைத் தாண்டியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சித்தப்பா சில மாதத்தில் வீட்டைக் காலி செய்தார். பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்வி.

அம்மா இறப்பதற்கு முந்தின வருஷம் அவளிடம் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. "உன்னயக் காப்பாத்தத்தாம்ளா" என்றாள். அதற்குமேல் நான் என்ன பேச?

நம் கூட்டத்துக்கு மூன்றாவது முறை வந்துவிட்டுப் போன அன்று, சித்தியைத் தேட வேண்டும் என்று தோன்றியது. உறவுக்காரர் ஒருவர் வழியாக அவள் அண்ணனின் எண் கிடைத்தது. எண்பதைத் தாண்டியவர். குரல் தெளிவாக இருந்தது. நான் இன்னார் மகள், இந்தத் தெரு என்று சொன்னதும் மரியாதையாகப் பேசினார்.

"அவ போயி ஆறேழு வருசம் ஆச்சேம்மா."

அவரே தொடர்ந்தார்.

"நல்ல பொம்பள. எங்க வீட்ல பின்கட்டு அறையிலதான் இருந்தா. வாசல் தாண்டினதில்ல. யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது."

"வைத்தியம் ஏதும் பாத்தியளா, அண்ணாச்சி?"

"வைத்தியத்துக்கு என்னம்மா இருக்கு, சீக்கு ஒண்ணும் இல்லியே. சுபாவம் அப்படி. தூத்துக்குடியில இருக்கும்போதே அப்படித்தான். ஒரு நாள்கூட வெளிய வரமாட்டாளாம். மாப்பிள்ளதான் சொல்லுவாரு."

"வந்தாங்க" என்றேன். "எங்க வீட்டுக்குத் தனியா நடந்து வந்தாங்க. ஒன்பதாவது வீட்ல இருந்து முதல் வீட்டுக்கு."

"தனியாவா? அவளா?" அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார். "இல்லம்மா. நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுச் சொல்லுதிய."

"இல்ல அண்ணாச்சி, அவங்களேதான்."

"சரிம்மா, சரிம்மா. வயசாச்சுன்னா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். எனக்கும் அப்படித்தான்."

"எனக்கு ஒண்ணும் கலக்கல. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் நிறுத்தவில்லை. காலிமனையைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், அவள் தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டிருக்கிறது. சமையலறையிலிருந்து மகள் ஈரக் கையோடு ஓடி வந்து, "யாருகிட்டம்மா சண்ட போடுத?" என்று போனை வாங்கிக் காதில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"லைன்ல யாரும் இல்லம்மா" என்றாள்.